விடிய விடியக் கூத்து: பாரதம் பார்க்கக் கிளம்புவோருக்கு முழு வழிகாட்டி

காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம். இந்த வட்டாரத்தில் பங்குனி பிறந்துவிட்டால் ஆடி முடியும்வரை ஏதாவதொரு ஊரில் பாரதம், அதாவது மகாபாரதக் கதையைச் சொல்லியும் தெருக்கூத்தாக ஆடியும் நடத்தும் விழா, நடந்துகொண்டே இருக்கும். திரௌபதி அம்மன் கோயிலில் கொடியேற்றி, பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் காலையில் துரியோதனன் சாகும் படுகளம், மாலையில் தீமிதி என்று திருவிழா நீளும். டிக்கெட் கிடையாது. முன்பதிவு கிடையாது. வெளியூர்க்காரர் யாராவது ஜமக்காளத்தோடு வந்து உட்கார்ந்தால் "எந்த ஊரு?" என்று ஒரு கேள்வி வரும். அடுத்தது பெரும்பாலும் "சாப்பிட்டீங்களா?" என்பதுதான்.

இவ்வளவு பெரிய கலை இவ்வளவு பக்கத்தில் இலவசமாக நடக்கிறது, சென்னையில் இருப்பவர்களில் பலருக்கு அங்கே எப்படிப் போவது என்றே தெரியவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகரத்து அரங்கில் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிப் போடும் கூத்தை முதலில் பார்க்காதீர்கள். அங்கே அடவும் வேகமும் கிடைக்கும். ஒரு வேஷம் மெல்ல மெல்ல ஏறி, நள்ளிரவு தாண்டி உச்சத்துக்குப் போவது கிடைக்காது. முதல் கூத்தை ஊர்க் களரியிலேயே, அதாவது ஊரில் கூத்தாடும் திறந்த இடத்திலேயே, முழு இரவும் பாருங்கள். அதற்கு அப்புறம் அரங்கில் பார்த்தாலும் ரசிக்கும்.

முதலில், எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிப்பது

இணையத்தில் தேடினால் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் நம்பகமான வழி சுவரொட்டிதான். பங்குனி, சித்திரையில் காஞ்சிபுரம் அல்லது செய்யாறு பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும். "மகாபாரத அக்னி வசந்த விழா" என்று பெரிய எழுத்தில் போட்ட நோட்டீஸ் ஏதாவதொரு டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கும். டீக்கடையிலேயே விசாரிக்கலாம். "தெருக்கூத்து எங்கே நடக்குது?" என்று கேட்பதைவிட "பாரதம் எந்த ஊர்ல நடக்குது, ராத்திரி நாடகம் உண்டா?" என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். ஊர்ப்பக்கம் பலரும் நாடகம் என்றுதான் சொல்கிறார்கள்.

நோட்டீஸ் கண்ணில் பட்டால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எல்லாமே இருக்கும். கொடியேற்றத் தேதி, பிரசங்கம் செய்பவர் பெயர், எந்த இரவு எந்த நாடகம், எந்த நாடக மன்றம் ஆடுகிறது, படுகளம் எத்தனை மணிக்கு, தீமிதி எத்தனை மணிக்கு, தருமர் பட்டாபிஷேகம் என்று. கீழே விழாக் குழுவினரின் போன் எண்களும் இருக்கும். கிளம்பும் முன் ஒரு போன் போட்டு, நாடகம் அன்றைக்குத்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஊரில் ஒரு சாவு விழுந்தாலோ மழை பிடித்துக்கொண்டாலோ நிகழ்ச்சி தள்ளிப் போகும்.

எந்த இரவு போவது

இதில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரு பாரத விழாவில் எட்டு, பத்து இரவுகள் கூத்து இருக்கும். கதை வரிசையாகத்தான் போகும். வில் வளைப்பில் தொடங்கி, ராஜசூய யாகம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கீசகன் வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று நோட்டீஸில் பெயர்கள் இருக்கும். ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு மாறும்.

முதல்முறை போகிறவருக்கு நான் சொல்வது கர்ண மோட்சம். கதை எல்லோருக்கும் தெரியும், சண்டையும் உண்டு, அழுகையும் உண்டு. போருக்குக் கிளம்பும் கர்ணனும் மனைவி பொன்னுருவியும் பேசும் இடத்தைத் தவற விடாதீர்கள். பிறப்பைச் சொல்லிக் கணவனை ஒதுக்கி வைத்திருக்கும் மனைவி அவள். நாளை உயிரோடு திரும்புவோமா என்று தெரியாதவன் அவளிடம் விடை கேட்டு நிற்கிறான். பாட்டும் வசனமுமாக அது வெகுநேரம் போகும். எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்க்கலாம். இதே கூத்தைப் பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின இரவு துக்க வீடுகளிலும் வைப்பார்கள். கர்ணன் மோட்சம் அடைவதைப் போல இறந்தவரும் அடையட்டும் என்ற நம்பிக்கை. அதனால் விழாக் காலம் முடிந்த பிறகும் இந்தப் பக்கத்தில் கர்ண மோட்சம் ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

கூத்தில் சாமியும் நாடகமும் எங்கே ஒன்றாகின்றன என்று பார்க்க வேண்டுமா, பகடை துகிலுக்குப் போங்கள். துச்சாதனன் துகில் உரியும் கட்டம் நெருங்கும்போது களரியின் சத்தமே மாறிவிடும். கற்பூரம் ஏற்றுவார்கள். ஆடுகிறவர்களே கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போவார்கள். வேஷக்காரருக்கோ கூட்டத்தில் இருப்பவருக்கோ ஆவேசம் வருவதும் உண்டு. எல்லோரும் எழுந்து நின்றால் நீங்களும் எழுந்து நில்லுங்கள். அந்த நேரத்தில் போனைத் தூக்கிப் படம் பிடிக்காதீர்கள்.

அர்ச்சுனன் தபசு குழந்தைகளுக்குப் பிடிக்கும். உயரமான மரத்தை நட்டு, படி அடித்து, அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் பாட்டுப் பாடிக்கொண்டே உச்சிக்கு ஏறுவார். மேலே உட்கார்ந்து பூசை செய்து எலுமிச்சம்பழம், பூ, விபூதி எல்லாம் கீழே போடுவார். குழந்தை வரம் வேண்டி வரும் பெண்கள் மரத்தடியில் ஈரப்புடவையோடு விழுந்து கும்பிட்டிருப்பார்கள். மரம் ஏறும் நேரத்தைத் தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அது ஊருக்கு ஊர் வேறுபடும்.

போகும் முன் செய்ய வேண்டியவை

கதையைப் படித்துவிட்டுப் போங்கள். முழு பாரதமும் வேண்டாம், அன்றைய நாடகத்தின் கதை தெரிந்தால் போதும். பாட்டில் பழைய தமிழ் வரும், ஒலிபெருக்கியில் பாதி கரையும். கதை தெரிந்தவருக்கு அது தடையே இல்லை. முடிந்தால் பிற்பகலே ஊருக்குப் போய்ப் பிரசங்கத்தில் உட்காருங்கள். வில்லிபாரதப் பாட்டை ஒருவர் ராகத்தோடு பாட, பிரசங்கியார் அதற்குப் பொருள் சொல்லி, ஊர்க்கதை, குடும்பக்கதை எல்லாம் கலந்து விளக்குவார். அன்றிரவு ஆடப்போகும் கதைக்கு அதைவிட நல்ல அறிமுகம் கிடையாது.

மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போட்டுக்கொள்ளுங்கள். கொண்டு போக வேண்டியவை: உட்கார ஜமக்காளம் அல்லது பாய், குடிக்கத் தண்ணீர், டார்ச், கொஞ்சம் சில்லறை நோட்டு, மேலே போர்த்த ஒரு துண்டு. சித்திரை மாதமாக இருந்தாலும் விடியற்காலை 3 மணிக்கு மேல் வெட்டவெளியில் குளிரும். கடலை, சுண்டல், டீ எல்லாம் களரியைச் சுற்றிக் கிடைக்கும். ஆனாலும் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போவது நல்லது.

கழிப்பறைப் பிரச்சினையை மறைக்காமல் சொல்ல வேண்டும். பல ஊர்களில் பொதுக் கழிப்பறை இருக்காது, இருந்தாலும் இரவில் பூட்டியிருக்கும். வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்திப் போய்விட்டு வருவதுதான் எளிது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காக்களிடம் தயங்காமல் கேட்கலாம். யாராவது தங்கள் வீட்டுக்கே கூட்டிப் போவார்கள்.

போக்குவரத்து

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் சுமார் 75 கிலோமீட்டர். பேருந்தும் உண்டு, செங்கல்பட்டு வழியாக மின்சார ரயிலும் உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து செய்யாறு இன்னும் 30 கிலோமீட்டர் போல. திண்டிவனம், வந்தவாசி பக்கம் போகிறவர்கள் கிளாம்பாக்கத்தில் ஏறலாம். சிக்கல் கடைசிச் சில கிலோமீட்டரில்தான். கிராமத்துக்குப் போகும் டவுன் பஸ் இரவு சீக்கிரமே நின்றுவிடும். ஆக, இருட்டுவதற்குள் ஊர் சேர்ந்துவிட வேண்டும், திரும்புவது விடிந்த பிறகு முதல் பஸ்ஸில். நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரு காரில் போனால் வசதி. ஆனால் ஒரு நிபந்தனை: இரவு முழுக்க விழித்திருந்தவர் காலையில் வண்டி ஓட்டக் கூடாது. ஓட்டுநர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள், அல்லது வண்டியிலேயே இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

களரியில் எங்கே உட்காருவது

களரி என்பது கோயிலுக்கு எதிரிலோ ஊர்ப் பொதுவிலோ உள்ள வெறும் மண்தரை. பின்னால் ஒரு பெஞ்சு, அதில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை என்ற சின்ன ஊதுகருவி, தாளம், பின்பாட்டுக்காரர்கள். மூன்று பக்கமும் ஜனம். முன்வரிசை குழந்தைகளுடையது. அவர்களுக்குப் பின்னால் ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் ஆண்கள் என்று தானாகவே பிரிந்திருக்கும். பெண்கள் தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ வந்திருந்தால் ஊர்ப் பெண்களோடு போய் உட்கார்ந்துவிடுவதே நல்லது. கூட்டத்தின் கடைசியில், வண்டிகள் நிற்கும் பக்கம், நேரம் ஆக ஆகக் குடித்தவர்கள் சேருவார்கள். அந்தப் பக்கம் வேண்டாம்.

ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேர் எதிரே உட்காராதீர்கள். கைக்குழந்தை இருந்தால் இன்னும் தள்ளி. முட்டிவலி உள்ளவர்கள் மடக்கு நாற்காலி கொண்டுவந்து ஓரமாகப் போட்டுக்கொள்ளலாம், நடுவில் போட்டால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் பகலிலேயே வந்து தரையைப் பார்த்துவிடுவது உத்தமம். விழாக் குழுவிடம் சொன்னால் இளைஞர்கள் தூக்கிக் கொண்டுபோய் நல்ல இடத்தில் வைத்துவிடுவார்கள்.

வேஷம் கட்டுவதைப் பாருங்கள்

கூத்து இரவு 10 மணி என்று போட்டிருந்தால் 8 மணிக்கே போய்விடுங்கள். களரிக்குப் பின்னால் பள்ளிக்கூட அறையோ கீற்றுக் கொட்டகையோ ஏதாவதொன்றில் வேஷம் கட்டிக்கொண்டிருப்பார்கள். குழுவை நடத்தும் வாத்தியார் யார் என்று கேட்டு, அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஓரமாக உட்காருங்கள்.

ஒரு கையில் சின்னக் கண்ணாடியைப் பிடித்து, மறு கையில் குச்சியால் தன் முகத்தைத் தானே எழுதிக்கொண்டிருப்பார் கலைஞர். முதலில் முகம் முழுக்க அரிதாரம். அப்புறம் மீசை, புருவம், அதற்கு மேல் வரிசையாகப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் ஒரே அளவாக விழுவதைக் கவனியுங்கள், கை நடுங்கவே நடுங்காது. கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை போன்ற கனமில்லாத மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் ஒட்டியவை. கனமில்லை என்றாலும் எல்லாவற்றையும் கயிற்றால் உடம்போடு இறுக்கிக் கட்டியாக வேண்டும். கட்டு தளர்ந்தால் சுழலும்போது கிரீடம் சாயும். இரண்டு பேர் இருபுறமும் இழுத்துப் பிடித்துக் கட்டுவார்கள். அந்த இறுக்கத்தோடுதான் அவர் விடியும்வரை பாடி ஆடப் போகிறார்.

இரவு எப்படிப் போகும்

தொடக்கத்தில் மேளம் மட்டும் அரை மணி நேரம் முழங்கும். கூட்டம் சேர்க்கத்தான் அது. அவசரப்படாதீர்கள். கடவுள் வாழ்த்து முடிந்து கட்டியங்காரன் வருவான். ஊர்ச்செய்தி, அரசியல், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் இழுத்துச் சிரிக்க வைப்பான், கதையையும் நகர்த்துவான். ராஜாவிடம் எதிர்க்கேள்வி கேட்கும் உரிமை அவனுக்கு மட்டும்தான். புரியாத இடத்தில் அவனைக் கவனித்தால் போதும், பாட்டில் வந்ததைப் பேச்சுத் தமிழில் திருப்பிச் சொல்லிவிடுவான்.

பெரிய வேஷம் வரும்போது இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொள்வார்கள். திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். கிரீடத்தின் உச்சி தெரியும், சலங்கைச் சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. பாட்டு முடிந்து திரை விலகியதும் அவர் சுழன்று ஆடும் சுற்றுக்குக் கிறிக்கி என்று பெயர். பாவாடை விரிந்து பம்பரமாகச் சுற்றுவார். ஒரு கலைஞரின் திறமையைக் கிராமத்து ரசிகர்கள் இங்கேயே எடை போட்டுவிடுவார்கள்.

12 மணியிலிருந்து 2 மணி வரை தூக்கம் தள்ளும். பேச்சு நீளும் பகுதி அது. எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், அல்லது அங்கேயே பாயில் படுத்துவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், பாதி ஊரே படுத்திருக்கும். ஆனால் 3 மணிக்கு எழுந்துவிட வேண்டும். கூத்தின் சூடான பகுதியெல்லாம் அதற்கு மேல்தான். சண்டையும் சாவும் விடியலை ஒட்டி வரும்படிதான் வாத்தியார்கள் இரவைப் பங்கிடுகிறார்கள்.

நடுவில் யாராவது நோட்டை நீட்ட, கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்திப் பெயரைச் சொல்லி வாழ்த்துவான். அந்த அன்பளிப்பு அவர்களுக்கு முக்கியமான வருமானம். இலவசமாகப் பார்க்கிறோம் என்பதால் நாமும் கொடுப்பதுதான் முறை. சினிமாவுக்குப் போயிருந்தால் எவ்வளவு ஆகியிருக்குமோ அதையாவது கொடுங்கள். பெயர் சொல்ல வேண்டாம் என்றால் முடிவில் வாத்தியார் கையில் கொடுத்துவிடலாம்.

படம் எடுப்பது பற்றி: பிளாஷ் கூடாது, களரிக்குள் செருப்போடு நுழையக் கூடாது, நின்றுகொண்டு மறைக்கக் கூடாது. கொஞ்ச நேரம் எடுத்துவிட்டு போனைப் பையில் போட்டுவிடுங்கள்.

படுகளம்

இரவு விழிக்க முடியாதவர்கள், வயதானவர்கள், சின்னக் குழந்தைகளோடு வருகிறவர்கள் யாராக இருந்தாலும் படுகளத்துக்கு வரலாம். விழாவின் உச்சமே அதுதான், நடப்பதோ பகலில்.

முந்தின இரவு பதினெட்டாம் போர் ஆடி முடித்த கையோடு, அதே வேஷத்தில் துரியோதனனும் பீமனும் காலையில் வெளியே வருவார்கள். ஊருக்கு ஒதுக்குப்புறமான திடலில் துரியோதனன் மல்லாந்து படுத்திருப்பான், முழுக்க மண்ணால் செய்த உருவம். தலை மட்டுமே ஒரு ஆள் உயரம் இருக்கும். கையில் கதாயுதம், முறைத்த கண், முறுக்கிய மீசை, மேலெல்லாம் வண்ணம். அந்த உருவத்தைச் சுற்றியும் அதன் மேல் ஏறியும் வேஷக்காரர்கள் இருவரும் வசனம் பேசிக்கொண்டு ஓடுவார்கள். வெயில் ஏறியிருக்கும். இரவு முழுக்க ஆடிய உடம்பு அது, அரிதாரம் வேர்வையில் வழிந்துகொண்டிருக்கும், குரல் மட்டும் இறங்காது. கடைசியில் பீமன் மண் உருவத்தின் தொடையில் அடிப்பான். உள்ளே வைத்திருக்கும் சிவப்பு நீர் பீறிட்டு வரும். அதன் பிறகுதான் திரௌபதிக்குக் கூந்தல் முடிப்பது. கூட்டம் முழுக்கக் கைகூப்பி நிற்கும். சில ஊர்களில் காந்தாரி வந்து ஒப்பாரி வைப்பாள். இவ்வளவு நேரம் துரியோதனனைத் திட்டிய அதே ஜனம் அப்போது அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

முடிந்ததும் மக்கள் பாய்ந்து அந்த மண்ணைப் பிடி பிடியாக அள்ளிப் போவார்கள். வீட்டிலும் நிலத்திலும் போட்டால் நல்லது என்பது நம்பிக்கை. அந்த நெரிசலில் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். குடை, தொப்பி, தண்ணீர் மூன்றும் கட்டாயம். நோட்டீஸில் போட்ட நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வந்தால் உருவத்தின் தலைப் பக்கம் நிழலில் இடம் பிடிக்கலாம். அங்கிருந்து வசனமும் நன்றாகக் கேட்கும்.

மாலையில் தீமிதி. காப்புக் கட்டி விரதம் இருந்தவர்கள் மட்டும் இறங்குவார்கள். நாம் தள்ளி நின்று பார்ப்பதோடு சரி. அனல் வெகுதூரம் அடிக்கும்.

விழாக் காலம் தவறிவிட்டால்

செய்யாறு பக்கம் புரிசை என்ற கிராமம் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடும் குடும்பத்தால் பெயர் பெற்றது. கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் ஊர் அது. அவருடைய பரம்பரையினர் இன்றும் மன்றம் நடத்துகிறார்கள், அவர்களுடைய நிகழ்ச்சிகள் சென்னையிலும் நடக்கும். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 1990இல் பெ. ராஜகோபாலும் மற்றக் கலைஞர்களும் சேர்ந்து தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது (இந்தக் கூத்தைக் கட்டைக்கூத்து என்றும் சொல்வார்கள்). 2002 முதல் 2020 வரை அங்கே ஒரு குருகுலம் நடந்தது. பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்றுக்கொடுத்தார்கள், ஆண்களே ஆடிவந்த கலையில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். அங்கே பயின்றவர்கள் ஆடும் நிகழ்ச்சி எங்கே என்று தெரிந்தால் விடாதீர்கள். துரியோதனன் வேஷத்தில் ஒரு பெண் கிறிக்கி சுற்றுவதைப் பார்க்கவே போகலாம்.

அதுவும் கைகூடவில்லை என்றால் ஆடி மாத மாரியம்மன் விழாக்களைப் பாருங்கள், பல ஊர்களில் ஓர் இரவுக் கூத்து வைப்பார்கள். எந்த மன்றத்தின் ஆட்டம் பிடித்ததோ அவர்களுடைய வாத்தியாரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பங்குனியில் எந்தெந்த ஊரில் ஆடுகிறார்கள் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம், சுவரொட்டி தேடும் வேலை மிச்சம்.